மைசூருக்கு ஒரு நாள் போதாது



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் அலுவலகத்துக்கு ஒரே கேள்வியோடு கடிதங்கள் வரத் தொடங்கும்: “பிள்ளைகளோடு இரண்டு மூன்று நாள் எங்கே போய்வரலாம்? செலவு கையைக் கடிக்காத ஊராகச் சொல்லுங்கள்.” என் பதில் பெரும்பாலும் மைசூர்தான். “அதுதான் பார்த்தாயிற்றே!” என்பார்கள். எப்படிப் பார்த்தீர்கள் என்று விசாரித்தால் எல்லோர் கதையும் ஒன்றாகவே இருக்கும். இரவுப் பேருந்து, விடிந்ததும் சாமுண்டி மலை, பத்து மணிக்கு அரண்மனை, மதியம் மிருகக்காட்சி சாலை, மாலையில் பிருந்தாவன் தோட்டத்து நீரூற்று, ராத்திரியே ஊர் திரும்பும் பேருந்து.

இந்த நான்கும் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் அந்த ஒரு நாள் ஓட்டத்தில் மைசூரின் பெரும்பகுதி நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அதிலும் குறிப்பாக, தமிழர்களுக்குச் சொந்தமான நினைவுகள் அந்த ஊரில் எத்தனை பத்திரமாக இருக்கின்றன என்பது நமக்குத் தெரிவதே இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த ஒரு போரின் ஓவியம், தஞ்சைச் சீமையிலிருந்து போன ஓர் ஓலைச்சுவடி, நம் கோயில் கல்வெட்டுகளின் மைப்படிகள், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓர் எழுத்தாளரின் வீடு என்று அந்தப் பட்டியல் நீளம். இந்த மாத இதழில் மைசூருக்குக் கூடுதல் பக்கங்கள் ஒதுக்கியிருப்பதற்கு அதுவே காரணம். அந்தப் பக்கங்களுக்குள் போகுமுன் உங்களோடு ஊரை ஒரு சுற்று சுற்றிவர ஆசைப்படுகிறேன்.

அரண்மனையிலிருந்தே தொடங்குவோம். இப்போது நாம் பார்க்கும் அம்பா விலாஸ் அரண்மனைக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். அதற்கு முன் அங்கே இருந்த மரத்தாலான அரண்மனை, 1897-ல் இளவரசி ஜெயலட்சுமம்மணியின் திருமணக் கொண்டாட்டத்தின்போது தீப்பிடித்து அழிந்தது. அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அப்போது சிறுவர். அவர் சார்பில் ஆட்சியைக் கவனித்துவந்த தாயார் வாணிவிலாச சன்னிதானம், புதிய அரண்மனையைக் கட்டும் பொறுப்பை ஹென்றி இர்வினிடம் ஒப்படைத்தார். இந்தப் பெயரைச் சென்னைவாசிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம், எழும்பூர் ரயில் நிலையம், எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் விக்டோரியா நினைவு மண்டபம் ஆகியவற்றிலும் அவருடைய கைவண்ணம் உண்டு. சென்னையில் தினமும் கடந்துபோகும் குவிமாடங்களையும் வளைவுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு மைசூர் அரண்மனை வாசலில் நின்று பாருங்கள். இரண்டு ஊருக்கும் உள்ள உறவு புலப்படும்.

1912-ல் வேலை முடிந்த அந்த அரண்மனைக்குள் கல்யாண மண்டபத்தில் சற்று நேரம் எடுத்து நில்லுங்கள். தூண்களும் கூரையின் வண்ணக் கண்ணாடியும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தவை. கண்ணாடியில் விரியும் மயில்கள் நம்மூர் மயில்கள். சுவரைச் சுற்றி 26 ஓவியங்களில் தசரா ஊர்வலம் நகர்கிறது. யானை, குதிரை, படைவீரர், வேடிக்கை பார்க்கும் ஜனம் என்று ஒவ்வொரு முகத்தையும் புகைப்படங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஒவ்வொரு ஓவியமாக நிறுத்திக் காட்டுங்கள். அந்தக் காலத்து மைசூர்த் தெருவில் நடந்த அனுபவம் அவர்களுக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை, அரசு விடுமுறை நாள்களில் மாலை ஏழு மணிவாக்கில் சுமார் ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரியும். பயணத்தை ஞாயிறு வருமாறு அமைத்துக்கொள்வதற்கு அது ஒன்றே போதும்.

சாமுண்டி மலைக்குப் பேருந்து உச்சிவரை போகிறது. கால் வலிமை உள்ளவர்கள் படியேறிப் போங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஆயிரம் படிகள் என்று ஊரார் சொல்லும் அந்தப் பாதை, 17-ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் அமைந்தது. ஏறும் வழியில் ஒரே பாறையில் செதுக்கிய நந்தி, சுமார் 16 அடி உயரமும் 25 அடி நீளமுமாகப் படுத்திருக்கிறது. கழுத்தில் தொங்கும் மணிச்சரங்களைக்கூடச் சிற்பி விட்டுவைக்கவில்லை. பேருந்தில் ஏறி உச்சியில் இறங்குபவர்கள் பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். வெயில் ஏறுமுன் ஏறத் தொடங்கினால் மூட்டுக்கும் நல்லது, கீழே விரியும் ஊரும் தெளிவாகத் தெரியும்.

மலையிலிருந்து இறங்கியதும் தேவராஜ மார்க்கெட்டுக்கு வாருங்கள். மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு வாழைப்பழம் மூன்றுமே புவிசார் குறியீடு பெற்றவை. மூன்றும் இந்த மார்க்கெட்டில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். பூக்கடை வரிசையில் முழம் போடும் கைகளின் வேகத்தைப் பாருங்கள். கூம்பு கூம்பாகக் குவித்த குங்கும வண்ணங்களைப் பாருங்கள். வாங்காமல் போனாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடைக்காரர்கள் பலருக்குத் தமிழ் தெரியும். நாம் இரண்டு சொல் கன்னடம் பேசினால் முகமே மலர்ந்துவிடும்.

இந்த மார்க்கெட்டின் ஒரு பகுதி 2016-ல் இடிந்து விழுந்தது. அன்றிலிருந்து இதை இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழுதுபார்த்துக் காப்பதா என்ற வாதம் நீதிமன்றம்வரை போய்விட்டது. அருகிலிருந்த லான்ஸ்டவுன் கட்டடம் 2012-ல் சரிந்து உயிர்ப்பலி வாங்கியதால், பாதுகாப்பைப் பற்றிய அச்சம் நியாயமானதே. என்றாலும் என் மனம் காப்பவர்கள் பக்கம்தான் நிற்கிறது. மொராக்கோவின் பழைய துறைமுக நகரமான எஸ்ஸவீராவை, கோட்டைச் சுவருக்குள் மக்கள் குடியிருந்து வியாபாரம் செய்யும் நிலையிலேயே யுனெஸ்கோ 2001-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்படியொரு பெருமை நம் பூக்கடை வரிசைகளுக்கும் பொருந்தும். பழைய சந்தை என்பது கட்டடமும் அதில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் மனிதர்களும் சேர்ந்தது. ஒன்றைக் காப்பாற்றும்போது மற்றதையும் காப்பாற்ற வேண்டும்.

அங்கிருந்து சிறிது நடந்தால் 1927-ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் வெள்ளிவிழா நினைவாக எழுப்பிய மணிக்கூண்டு. அதற்குப் பக்கத்தில் ரங்காச்சார்லு நினைவு மண்டபம். அந்த ரங்காச்சார்லு நம் செங்கல்பட்டுப் பக்கத்தில் பிறந்தவர். மைசூரின் திவானாக இருந்து 1881-ல் மக்கள் பிரதிநிதிகள் சபையைக் கூட்டியவர். குடிமக்கள் சொல்வதை அரசு உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற வழக்கம் இந்திய சமஸ்தானங்களில் அங்கேதான் வேர்விட்டது. தமிழகத்திலிருந்து போகும் பிள்ளைகளுக்கு அந்த மண்டபத்தின் வாசலில் நின்று இதைச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தைவிட நன்றாக மனத்தில் பதியும்.

இனி, சுற்றுலாப் பேருந்துகள் நிற்காத சில வாசல்கள். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1891-ல் தொடங்கியது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அந்த நூலகத்துக்கு ஓர் ஓலைச்சுவடியைக் கொடுத்தார். எழுத்து கிரந்தம், மொழி சமஸ்கிருதம். நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி அதைப் படித்துப் பார்த்தபோது, காணாமற்போய்விட்டது என்று உலகம் நினைத்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அது என்று 1905-ல் கண்டுகொண்டார். 1909-ல் மூலத்தையும் 1915-ல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். பண்டைய இந்தியாவின் அரசியலைப் பற்றி உலகம் அதுவரை எழுதியிருந்ததைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. கரையானுக்குக் கொடுக்காமல் ஓலையைக் காத்த தஞ்சைக் குடும்பத்துக்கும், அதன் மதிப்பை அறிந்த மைசூர் அறிஞருக்கும் நாம் சம அளவு நன்றி சொல்ல வேண்டும்.

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவும் மைசூரில்தான் இருக்கிறது. ஊட்டியிலிருந்து 1966-ல் அங்கே போனது. கல்வெட்டின் மேல் ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் தாளை அமிழ்த்தி, மேலே மை ஒற்றி எடுப்பதுதான் மைப்படி. கோயில் திருப்பணியிலும் சாலை வேலையிலும் கல்லே அழிந்துபோன இடங்களில், நம் சோழர், பாண்டியர் காலத்து ஊர்ச்சபைகளின் குரல் அந்தத் தாள்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளின் படிகளைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-ல் ஆணையிட்டது. அவை நம் மாநிலத்து ஆய்வாளர்களுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதே சமயம், இத்தனை ஆண்டுகள் அவற்றை அடுக்கி, எண்ணிட்டு, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்ட அலுவலர்களின் உழைப்பையும் மறக்கக் கூடாது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் முதலில் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் கால் ஊன்றி, 2008-ல்தான் சென்னைக்கு வந்தது.

யாதவகிரியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீடு இருக்கிறது. சென்னையில் 1906-ல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நாராயண், தந்தை மைசூரில் தலைமையாசிரியராக இருந்ததால் அந்த ஊருக்கு வந்து, அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். அவருடைய கதைகளின் ஊரான மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனாலும் மைசூரின் பழைய தெருக்களில் நடக்கும் வாசகருக்கு அந்தக் கதைகளின் சிறுவன் சுவாமியும் அவன் கூட்டாளிகளும் அடுத்த திருப்பத்தில் எதிர்ப்படுவார்கள் என்று தோன்றும். தாமே பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்ட அந்த வீடு, அவர் மறைந்து பத்தாண்டு கழித்து இடிபடும் நிலைக்கு வந்தது. ஊரார் குரல் கொடுத்தார்கள். பிறகு மாநகராட்சி அதைப் பெற்றுப் புதுப்பித்து, 2016-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. மாடியில் ஜன்னல்கள் சூழ்ந்த அறையில் நின்றால், எழுத வெளிச்சம் எவ்வளவு முக்கியம் என்பது புரியும். சங்கக் கவிதைகளை ஆங்கில உலகுக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் பிறந்ததும் படித்ததும் இதே ஊரில்தான்.

இரண்டாம் நாளை ஆற்றுக்கு ஒதுக்குங்கள். காவிரி இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொண்டிருக்கும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே பள்ளிகொண்டிருப்பவர் ஆதிரங்கர். அதே ஆறு ஓடிவந்து நம் திருச்சிக்கு அருகே அணைக்கும் தீவில் ஸ்ரீரங்கத்துப் பெருமாள். அரங்கனைச் சேவித்துவிட்டு, திப்பு சுல்தான் 1784-ல் கட்டிய தரியா தௌலத் மாளிகைக்குப் போங்கள். தேக்கு மரத்தாலான அந்தக் கோடை மாளிகையின் மேற்குச் சுவர் முழுவதும் ஒரு போர்க்களம். நம் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ல் ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தோற்கடித்த நாள் அது. காயம்பட்ட கர்னல் பெய்லி பல்லக்கில் இருக்கிறார். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. சுற்றிலும் குதிரைப்படை நெருக்குகிறது. சிறைப்பட்ட பெய்லி இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உயிர்விட்டார். 1799 மே 4-ல் திப்புவும் இந்த ஊர்க் கோட்டையிலேயே போரிட்டு மாண்டார். புள்ளலூர் வயல்வெளியில் இரண்டு நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஓவியத்தைப் பார்த்துத் திரும்பியவர்கள் ஒருநாள் அந்தத் தூண்களையும் போய்ப் பார்த்தால், சரித்திரத்தின் இரு கரைகளும் இணையும்.

மாலையில் கிருஷ்ணராஜசாகர். நம்மில் பலருக்கு இந்த அணை செய்தித்தாளில் வரும் ஓர் எண். அங்கே முழு நீர்மட்டம் 124.80 அடி, மேட்டூரில் 120 அடி. ஆனி ஆடி மாதங்களில் அந்த எண்களைப் பார்த்துத்தான் தஞ்சை, திருவாரூர் வீடுகளில் நாற்றங்கால் பேச்சு நடக்கும். பொறியாளர் விசுவேசுவரய்யாவின் முனைப்பில் 1911-ல் தொடங்கி, இருபது ஆண்டுக்கு மேல் கட்டிய அணை இது. 1924-ல் மைசூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒட்டித்தான் இங்கே இது முழுமை பெற்றது, நம் பக்கம் மேட்டூரும் எழுந்தது. அணையின் மேல் நின்று தண்ணீரைப் பார்க்கும் தமிழ் மனத்தில் சும்மா இருக்க முடியாத கேள்விகள் எழும், எழட்டும். அந்த நீரை நம்பி மண்டியாவில் கரும்பும் நெல்லும் பயிரிடும் விவசாயியின் முகத்தையும் அதே பயணத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். நம் டெல்டா விவசாயியின் கவலைதான் அவருக்கும். மழை பொய்த்த ஆண்டில் வெறும் கோஷத்தால் யாருடைய வயலும் நனைவதில்லை; ஒருவர் நிலைமையை ஒருவர் நேரில் கண்டிருந்தால் பேச்சின் சூடாவது தணியும்.

தசராவைப் பற்றிக் கேட்காத வாசகரே இல்லை. 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய விழா இது. விஜயதசமியன்று சுமார் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியில் சாமுண்டேசுவரியை ஏற்றிக்கொண்டு யானை ஊர்வலம் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை போகும். அன்று ஊரில் அறை கிடைப்பதும், கூட்டத்தில் சிறுபிள்ளைகளோடு நிற்பதும் கடினம். என் யோசனை, சில வாரம் முன்னதாகப் போங்கள். காட்டு முகாம்களிலிருந்து வந்த யானைகளுக்கு முதுகில் மணல் மூட்டை ஏற்றித் தெருவில் நடைப் பயிற்சி தருவார்கள். இரண்டு கை தூரத்தில் நின்று பார்க்கலாம். பாகர்களின் குடும்பங்கள் அரண்மனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கும். பிள்ளைகளின் படிப்பு கெடாதிருக்க அங்கேயே பள்ளியும் நடக்கும். அம்பாரியின் தங்கத்தைவிட இந்த ஏற்பாடு எனக்கு அழகாகத் தெரிகிறது.

மூன்றாம் நாள் கையில் இருந்தால் சோமநாதபுரம் போங்கள். 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஹொய்சளர் கோயில். பேலூர், ஹளேபீடு கோயில்களோடு 2023-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இல்லையென்றால் மேல்கோட்டை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் பல ஆண்டு தங்கிய தலம். ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்கள் அங்கே இன்றும் சன்னிதியில் ஒலிக்கின்றன. கோயில் புளியோதரையைச் சுவைக்காமல் மலையிறங்காதீர்கள்.

போக்குவரத்துக்குக் குறை இல்லை. சென்னையிலிருந்து வந்தே பாரத், சதாப்தி, இரவில் காவிரி விரைவு ரயில். தூத்துக்குடியிலிருந்தும் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்தும் நேர் ரயில்கள். ஊட்டி வழியாகக் காரில் போவோர் கவனிக்க: பந்திப்பூர் வனச்சாலை இரவு 9 முதல் காலை 6 மணிவரை மூடியிருக்கும். அது யானைகளின் நேரம். அதை மதித்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய் விடுமுறை. பட்டு வாங்குவோர் மானந்தவாடி சாலையில் 1912 முதல் இயங்கும் அரசுப் பட்டு ஆலையை எட்டிப் பார்க்கலாம். மைசூர்ப்பாகை அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாதான் முதலில் செய்தார் என்கிறார்கள். அவர் வழிவந்தவர்களின் கடை சயாஜி ராவ் சாலையில் இருக்கிறது. நெய் மணக்கும் அந்தக் கட்டியில் ஒரு பெட்டி உங்கள் பக்கத்து வீட்டுக்கும் வாங்கி வாருங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மைசூர் போகும்போது, வழக்கமான நான்கு இடங்களோடு இங்கே சொன்னவற்றில் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காக ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள். போய் வந்ததும் எங்களுக்கு எழுதுங்கள். நாராயண் வீட்டில் உங்கள் மகள் என்ன கேட்டாள், புள்ளலூர் ஓவியத்தின் முன் உங்கள் தந்தை எவ்வளவு நேரம் நின்றார், மார்க்கெட்டில் பூ விற்ற அம்மா என்ன பேசினார் என்று எழுதுங்கள். மைசூரில் வாழும் தமிழ் வாசகர்கள், நாங்கள் தவறவிட்ட இடங்களைச் சொல்லுங்கள். வரும் கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் தொடர்ந்து வெளியிடுவோம். நம் சொத்தை இத்தனை அக்கறையாய் வைத்திருக்கும் அண்டை ஊருக்கு, நிதானமாகப் போய் விருந்தாளியாகத் தங்கி வருவதைவிட நல்ல மரியாதை வேறு என்ன இருக்கிறது?

அன்புடன்,
ஆசிரியர்